மொய்யா, ஃபீஸா

கம்ப்யூட்டரில் அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் ஆடிட்டர் ஹேமலதா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வரிக்கணக்குப் போடக் கடைசி நாள் இல்லையா, ஊரே ஒண்ணாப் போய் நிக்குது, தெறக்க மாட்டேங்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த விருமாயியிடம், "தெறக்கிறதுக்குள்ள யோசிச்சு ஒரு முடிவு சொல்லிருங்கக்கா. வக்கீலுக்குக் குடுத்ததை ஃபீஸுன்னு போட்டுக் கழிக்கவா, வேணாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் பக்கத்து அறைக்குப் போய் யாருடனோ போனில் பேச ஆரம்பித்துவிட்டார். விருமாயி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்கக் கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டது; சீக்கிரம் நின்று தொலைத்தால் தேவலை என்றும் அதே மனசு வேண்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில் பரீட்சை எழுத உட்கார்ந்த மாதிரி உள்ளங்கை வேர்த்தது. முந்தானையில் துடைத்தாள். துடைத்த கை தானாகப் போய் மடியிலிருந்த பையைத் தொட்டது. பைக்குள் பர்ஸ், பர்ஸுக்குள் அந்தச் சீட்டு.

கேள்வி என்னவோ சின்னக் கேள்விதான். பதினோரு வருசத்துக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று சொல்லி, அவளும் புருஷன் ஒச்சப்பனும் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த இடத்தை சர்க்கார் எடுத்துக்கொண்டது. குடுத்த பணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். வக்கீல் பூமிராஜன்தான் நடத்தினார். வாய்தா, வாய்தா, வாய்தா. போன வருசம் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசி, கூடுதலாகப் பதினெட்டு லட்சம் என்று முடித்து வைத்தார்கள். அதற்கு வரி உண்டு என்பது பணம் வந்து, பாதி செலவாகி, மீதியில் பெரும்பகுதி கடன்காரர்களுக்கும் ஒச்சப்பனின் கால் ஆபரேஷனுக்கும் போன பிறகுதான் தெரிந்தது. கேஸ் நடத்த வக்கீலுக்குக் குடுத்ததைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும் என்று ஆடிட்டரம்மா சொன்னபோது விருமாயிக்கு உயிர் வந்தது. குடுத்திருக்கிறேனே, முழுசாக ஆறு லட்சம் குடுத்திருக்கிறேனே. அதைக் கழித்தால் எண்பதாயிரம் பக்கம் வரி குறையும். அந்த எண்பதாயிரம் இருந்தால் சந்தைக்குப் பின்னால் பார்த்து வைத்திருக்கிற குடோனுக்கு அட்வான்ஸ் குடுத்துவிடலாம், கடையை மறுபடி திறந்துவிடலாம். "சரி, வக்கீல் குடுத்த ரசீதைக் குடுங்க" என்று முந்தாநாள் ஆடிட்டரம்மா கை நீட்டினார். விருமாயி பர்ஸைத் திறந்து பத்திரமாக எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி, திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அக்கா, இது மொய் ரசீதுக்கா" என்றார். இதை வைத்து ஒன்றும் பண்ண முடியாது என்றும் சொன்னார்.

ஒன்றும் பண்ண முடியாது. வட்டம் சுற்றியது. கடை இடம் போனதிலிருந்து வீடு வீடாகவே இல்லை. கூடத்தில் சுவரோரமாக நாற்காலி அடுக்கு மேலே மேலே ஏறி டியூப்லைட்டைத் தொடுகிறது. படுக்கிற அறையில் அண்டாவுக்குள் அண்டா, அதற்குள் குத்துப்போணி, அதற்குள் கரண்டிகள். ராத்திரி எலி ஓடினால் கோயில் மணி மாதிரி வீடே அதிரும். சந்துக்குள் லோடு வண்டி நுழையாததால் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். ஒச்சப்பன் காலை நீட்டிக்கொண்டு அந்த நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், ஏதோ கூட்டம் வந்து உட்காரப்போகிற மாதிரி. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று மண்டபத்துக்குச் சாமான் ஏற்றியவன். எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, ஒரு கரண்டி குறைந்தாலும் திரும்பப் போய் எச்சில் இலைக்கு அடியில் தேடி எடுத்துவந்தவன். இப்போது எதையும் எண்ணுவதில்லை. குடோன் திறந்தால் எழுந்துவிடுவான், கட்டாயம் எழுந்துவிடுவான் என்று விருமாயிக்கு ஒரு நம்பிக்கை. நம்பிக்கை கூட இல்லை, அதைவிட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. எண்பதாயிரம். ஃபீஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடுத்தது ஃபீஸ்தானே, பொய்யா சொல்லப்போகிறாள்?

பூமிராஜன் பதினோரு வருசமும் பைசா கேட்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஜெயித்த அன்றைக்கு விருமாயி, எப்படிக் குடுக்கட்டும், செக்கா, ரொக்கமா என்று கேட்டபோது வக்கீல் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். ஜெயித்த பணத்தில் பங்கு வாங்கக் கூடாது என்று வக்கீல்களுக்கு விதி இருக்கிறதாம், தெரிந்தால் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிடுவார்களாம். "ஃபீஸுங்கிற பேச்சே வேணாம்க்கா. அடுத்த மாசம் எங்க பாப்பா கல்யாணம் வருதுல்ல. நம்ம ஊர் வழக்கப்படி மொய்யாச் செஞ்சிருங்க. உங்களுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை." இனிப்பாகப் பேச அந்த மனுஷனுக்குச் சொல்லியா தர வேண்டும். மஞ்சப்பையில் பணத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். மண்டபத்து நாற்காலி பத்தாது என்று கூடுதலாகப் போட்டிருந்ததெல்லாம் அவளுடைய நாற்காலி. அதற்கு வாடகை கேட்க இன்றைக்கு வரைக்கும் வாய் வரவில்லை. மொய் மேசையில் கம்ப்யூட்டர் வைத்து உட்கார்ந்திருந்தவன் பணத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான். மிஷினில் எண்ணி, பேர் கேட்டு, சீட்டு அடித்துக் குடுத்தான். ஆறு லட்சத்து ஒன்று. பிறகு மைக்கில் சொன்னார்கள்: ஒச்சப்பன் விருமாயி, வாடகைப் பாத்திரக் கடை, ஆறு லட்சத்து ஒரு ரூபாய். சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் பெருமையாக இருந்தது. தன் பேர் மைக்கில் ஒலித்து அதுவரை அவள் கேட்டதில்லை. மறுவாரமே இரண்டு பேர் கடன் கேட்டு வீட்டுக்கு வந்தது வேறு கதை.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் வக்கீல் பெண்டாட்டி கஸ்தூரி வந்து தட்டிவிட்டாள். பட்டுச்சேலை சரசரக்க வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டுச் செஞ்சிருக்கீங்களேக்கா. உங்களுக்குத் திருப்பிச் செய்யத்தான் எங்களுக்கு வாய்ப்பே இல்லாமப் போச்சு, அதான் வருத்தமா இருக்கு" என்றாள். முகத்தில் வருத்தம் இல்லை. சிரித்தாள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பே இல்லாமல் போச்சு. விருமாயி அப்போது சிரித்து வைத்தாள். அதற்கென்ன, இருக்கட்டும் என்றுகூடச் சொன்னாள் போல. வீட்டுக்கு வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் படுத்த பிறகு அந்த வார்த்தை எலி மாதிரி ஓட ஆரம்பித்தது. பிள்ளை இல்லாத வீட்டில் காதுகுத்து ஏது, சடங்கு ஏது, கல்யாணம் ஏது. கல்யாணம் கட்டி முப்பது வருசமாக ஊரில் ஒரு விசேஷம் விடாமல் போய் மொய் செய்திருக்கிறாள். சாமான் வாடகைக்கு எடுக்கிறவர்கள் எல்லாரும் பத்திரிகை வைப்பார்கள், செய்யாமல் இருந்தால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கொண்டுபோய்ச் செய்ததுதான் உண்டு, ஒரு ரூபாய் திரும்பி வந்ததில்லை. அப்படியானால் பூமிராஜன் அதைக் கணக்குப் போட்டுத்தான் மொய் என்று சொன்னாரா? வேறு யாரிடமாவது ஆறு லட்சத்தை மொய்யாக வாங்கியிருப்பாரா? நாளைக்கு அந்த வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் ஆறு லட்சத்துக்கு மேல் வைத்துத் திருப்ப வேண்டுமே. திருப்பாதவன் வீட்டு வாசலில் நாலு பேர் வந்து நிற்பார்கள். கடனையாவது வாங்கவே இல்லை என்று சாதிக்கலாம். மைக்கில் சொன்ன மொய்யை ஊரே கேட்டிருக்கிறது. வேறு யாரிடமும் வாங்கியிருக்க மாட்டார். இவர்களிடம்தான் வாங்கலாம். வக்கீலும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டுதான் வாங்கியிருக்கிறார்கள்.

போன் அடித்தது. ஒச்சப்பன். முடிந்ததா என்று கேட்டான். இன்னும் இல்லை, வட்டம் சுற்றுகிறது என்றாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, சரி என்றான். பிறகு, "வக்கீல் பேரை எங்கயும் எழுதிக் குடுத்துறாத ஆத்தா. வக்கீலைப் பகைச்சுக்கிட்டு ஊர்ல இருக்க முடியாது" என்றான். அவனுக்குப் பயம். இடத்தை எடுக்க நோட்டீஸ் வந்த அன்றைக்குப் பிடித்த பயம், காக்கிக் கவரைப் பார்த்தாலே பிரிக்கச் சொல்லி அவளிடம் நீட்டிவிடுவான். ஆடிட்டரம்மாவும் அதைத்தானே காலையில் வேறு விதமாகச் சொன்னார். பேங்கில் பணம் எடுத்தது பதிவாகியிருக்கிறது, அதை வைத்து ஃபீஸ் என்று போட்டுப் பார்க்கலாம். ஆனால் நோட்டீஸ் வந்தால் யாரிடம் குடுத்தீர்கள் என்று கேட்பார்கள், அப்போது பேரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் பூமிராஜன் மாட்டுவார். மாட்டட்டுமே என்று ஒரு மனசு. பதினோரு வருசம் உனக்காகக் கோர்ட்டு வாசலில் நின்ற மனுஷன், மோரும் வாங்கிக் குடுத்திருக்கிறார் வெயில் காலத்தில், அவர் கோட்டைக் கழற்றவா கேஸ் போட்டாய் என்று இன்னொரு மனசு. சொல்லாமல் விட்டால் வாங்காத பணத்துக்கு, தன் கையில் ஒரு ராத்திரிகூடத் தங்காத பணத்துக்கு, அவள் வரி கட்ட வேண்டும். பணத்தை அவரும் குடும்பமும் அனுபவிக்க, வரியை மட்டும் அண்டாவுக்கு நடுவில் படுக்கிறவள் கட்டுவதா? போனை வைத்தாள். பக்கத்து அறையில் ஆடிட்டரம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வட்டம் நிற்கவில்லை.

நேற்றே இதை முடித்திருக்கலாம். நேற்று வக்கீல் வீட்டுக்குப் போய் ஒரு ரசீது, சின்னதாக, கேஸ் செலவுக்கு என்று போட்டாலும் போதும் என்று கேட்டாள். ஆறுக்கு வேண்டாம், இரண்டுக்குக் குடுத்தாலும் சரி என்றுகூட இறங்கிவந்தாள். பூமிராஜன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காபி குடிக்கச் சொல்லிவிட்டு, ரொம்ப நிதானமாக, "என்னக்கா சொல்றீங்க, நான் எப்ப உங்ககிட்ட ஃபீஸ் வாங்குனேன்? உங்க கேஸை நான் சும்மாதான நடத்துனேன். நீங்க எங்க வீட்டு விசேஷத்துக்கு ஆசையா மொய் செஞ்சீங்க. மொய் செஞ்சதுக்குப் போய் யாராவது பில் கேப்பாங்களா?" என்றார். கஸ்தூரி டம்ளரை எடுக்க வந்தவள் உதட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது விருமாயிக்கு அழுகை வந்தது, அழவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் பேசியதையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தாள். ஃபீஸ் வாங்கவில்லை. சும்மா நடத்தினேன். மொய் செஞ்சீங்க. எத்தனை சுத்தமாகச் சொன்னார். நீதிபதிக்கு முன்னால் சொல்வது மாதிரி.

மொய் செஞ்சீங்க. இப்போது, இந்த ஏசிக் குளிரில் வேர்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது, அந்த வார்த்தை வேறு பக்கமாகத் திரும்பிக்கொண்டு நின்றது. அவர் வாயால் சொன்னது. மைக்கில் சொன்னது. சீட்டில் அடித்தது. மூன்று இடத்திலும் மொய்தான். விருமாயி பர்ஸைத் திறந்து சீட்டை எடுத்தாள். மை மங்க ஆரம்பித்திருந்தாலும் பேரும் தொகையும் தெரிந்தன. இதை வைத்து ஒன்றும் பண்ண முடியாது என்று ஆடிட்டரம்மா சொல்லிவிட்டார். ஒன்றும் பண்ண முடியாதா? பண்ண ஒரு வழி ஊரில் இருக்கத்தான் செய்கிறது. பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளைகளுக்கெல்லாம் செய்து முடித்துவிட்டவர்களும், போட்ட மொய்யைத் திரும்ப எடுக்க வசந்த விழா என்று பத்திரிகை அடித்து, பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, வெறும் விழா. ஒச்சப்பன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான், நாமும் ஒன்று வைப்போமே என்று. வைக்க மாட்டேன் என்று அவள்தான் ஒரே பிடியாக நின்றாள். காரணம் இருந்தது. ஒரு தடவை இவர்களைப் போலவே பிள்ளை இல்லாத ஒருத்தி வசந்த விழா வைத்தபோது சாமான் எடுக்கப் போயிருந்தாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்: தொட்டில் கட்ட முடியாதவ பந்தல் கட்டிக் காசு பறிக்கிறா. அவர்கள் கழுவிக்கொண்டிருந்தது விருமாயியின் அண்டா. அவள் கரண்டிகளை எண்ணுவது மாதிரிக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு ராத்திரி புருஷனிடம் சொன்னாள், பட்டினி கிடந்து செத்தாலும் நம் வீட்டு வாசலில் அந்தப் பந்தல் ஏறக் கூடாது என்று. அந்தப் பேச்சை இப்போது எடுத்துத் தள்ளிவைக்க வேண்டும். எவ்வளவு கனமாக இருக்கிறது. ஊரில் சொல்வார்கள். நிச்சயம் சொல்வார்கள். தொட்டில் கட்ட முடியாதவ. சொல்லட்டும் என்று ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், வலித்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். வலித்தது, ஆனால் முதல் தடவை அளவுக்கு இல்லை. வாய்ப்பே இல்லாமப் போச்சு என்று கஸ்தூரி சொன்னது இதைவிடக் கூடுதலாக வலித்தது. ஆனால் ஒன்று. அதை மொய் என்று ஊரில் கேட்க வேண்டுமென்றால் சர்க்காரிடம் ஃபீஸ் என்று எழுதக் கூடாது. இங்கே ஒரு பேர், அங்கே ஒரு பேர் வைக்க முடியாது. வக்கீலிடம் அந்த விளையாட்டு செல்லாது, ஒரே காகிதத்தில் மடக்கிவிடுவார். எண்பதாயிரத்தை விட்டால்தான் ஆறு லட்சத்தைக் கேட்க முடியும். விட்ட பிறகு அவர் வராமலே போய்விட்டால்? குடோனும் போச்சு, மானமும் போச்சு, பந்தல் செலவும் போச்சு.

"தெறந்துருச்சு" என்று ஆடிட்டரம்மா ஓடிவந்து உட்கார்ந்தார். "சீக்கிரம் சொல்லுங்கக்கா, மறுபடி நின்னுரும். ஃபீஸா?"

"ஃபீஸ் இல்லம்மா. மொய்தான்."

ஆடிட்டரம்மா விரலை எடுத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். எண்பதாயிரம் கூட வரும், தெரியுமா என்று கேட்டார். தெரியும், கட்டிவிடலாம் என்றாள் விருமாயி. நன்றாக யோசித்தீர்களா என்று இன்னொரு தடவை கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள், வாயைத் திறந்தால் மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்று பயம். பேங்கிலிருந்து பணம் போன செய்தி டிங் என்று வந்தது. குடோன் அட்வான்ஸ் போன சத்தம். அடுத்து வந்த ஓடிபியை வாசித்துக் காட்டினாள், வாசிக்கும்போது ஓர் எண் தடுமாறி இரண்டாம் தடவை வாசிக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்ததும் ஆடிட்டரம்மா மேசைமேல் கிடந்த மொய் ரசீதைப் பார்த்து, இது இனிமேல் வேண்டியதில்லையே, போட்டுவிடவா என்று கேட்டார். விருமாயி வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். மை மங்குவதற்குள் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னாள். வசந்த விழாவில் வருகிற பணத்துக்கும் வரி உண்டா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. இன்றைக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்று விழுங்கிவிட்டாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பிரஸ் ஒன்று இருந்தது, வாசலில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் நிழலில் நின்றாள். முதலில் ஒச்சப்பனைக் கூப்பிட்டாள். கூடத்தில் இருக்கிற நாற்காலியை இறக்கி எண்ணி வைக்கச் சொன்னாள். எந்த மண்டபத்துக்கு என்று கேட்டான். நம் வீட்டுக்கு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி ஒன்று மெல்ல இழுபடுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு வக்கீல் நம்பரைப் போட்டாள். ஒரு தடவை தப்பாக அழுத்தி, இன்னொரு தடவை போட்டாள். மணி அடித்துக்கொண்டே போனது. எடுக்க வேண்டாம் கடவுளே என்று ஒரு மனசு. எடுத்துவிட்டார்.

"தம்பி, விருமாயி பேசுறேன். வேலை முடிஞ்சுருச்சு. நீங்க சொன்ன மாதிரியே ஃபீஸ் இல்ல, மொய்யினுதான் சொல்லியிருக்கேன். வரிய முழுசாக் கட்டிட்டேன்."

பூமிராஜனுக்கு மூச்சு இறங்கியது இவளுக்கே கேட்டது. ரொம்ப சந்தோஷம்க்கா, உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும் என்று ஆரம்பித்தார். அவர் பேசி முடிக்கட்டும் என்று விருமாயி காத்திருந்தாள்.

"ஆவணியில நம்ம வீட்ல வசந்த விழா வச்சிருக்கேன் தம்பி. மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான்."

சொல்லிக்கொண்டே தொங்கிய மாதிரிகளில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள்.

"கஸ்தூரிகிட்டயும் சொல்லிருங்க. திருப்பிச் செய்ய வாய்ப்பே இல்லைன்னு அன்னைக்கு ரொம்ப வருத்தப்பட்டுச்சு."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். கோர்ட்டில் அத்தனை வருசம் தடங்கலில்லாமல் பேசிய வாய், அக்கா அது வந்து, அக்கா அது வந்து என்று அங்கேயே நின்றது. விருமாயி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிரஸ்காரனிடம் பத்திரிகை என்ன விலை என்று கேட்பதற்காகப் படி ஏறினாள்.